பவுன் கணக்கில் சேராத தங்கம்

“அழகாத்தான் இருக்கு. ஆனா இதை எத்தனை பவுன்னு எழுதுறது?”

சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு நகைக்கடை, இரண்டாவது மாடி. அக்கா மகளுக்கு நிச்சயதார்த்த மோதிரம் எடுக்கப் போயிருந்தோம். அவள் விரலில் மெல்லிய ரோஸ் கோல்டு மோதிரம்; நடுவில் ஒற்றை வைரம். கையை நீட்டியும் மடக்கியும் பார்த்துக்கொண்டிருந்தாள், கழற்ற மனமில்லை. கேள்வி கேட்டவர் என் பெரியம்மா. எங்கள் குடும்பத்தில் ஏழு கல்யாணத்துக்கு நகை எடுத்தவர். மடியில் கல்யாணச் செலவு நோட்டு. இடப்பக்கம் நகையின் பெயர், வலப்பக்கம் பவுன்.

“இது 18 கேரட்ம்மா, கிராம் கணக்குல வரும்” என்றார் விற்பனைப் பெண்.

பெரியம்மா நோட்டை மூடினார். “அப்ப இது கணக்குல சேராது. ஆசைக்கு எடுத்துக்கோ.”

கல்யாணத்துக்கு ரோஸ் கோல்டு எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிற பெண்களுக்கு நான் சொல்வதும் இதுதான். பெரியம்மா சொன்ன இரண்டும் சரி. அது பவுன் கணக்கில் சேராத தங்கம், ஆசைக்கு எடுக்கிற தங்கம். இதைத் தெரிந்து எடுத்தால் அருமையான நகை. தெரியாமல் எடுத்தால், பத்து வருஷம் கழித்து ஒரு அவசரத்துக்கு விற்கப் போகும்போது மனம் நோகும்.

சிவந்த காசு

பெரியம்மாவின் நோட்டில் இருக்கும் அந்தப் பவுன் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷாரின் பவுண்டுதான் நம் பவுன். ஒரு பவுண்டு மதிப்புக்கு அவர்கள் அடித்த ‘சாவரின்’ தங்கக் காசுதான் நம் சவரன். 1817ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய அந்தக் காசின் எடை 7.988 கிராம், புழக்கத்தில் நாம் அதை 8 கிராம் ஆக்கிக்கொண்டோம். 1918இல் பம்பாயிலேயே அந்தக் காசை அடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘பவுண்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கல்யாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, உறவினர் கூடியிருக்கப் பொற்காசை உருக்கித் தாலிக்குப் பொன் எடுக்கும் சடங்குக்குப் பொன்னுருக்கு என்றே பெயர்.

சாவரின் காசில் 12 பங்குக்கு 11 பங்கு தங்கம். அதுதான் 22 கேரட். நாம் 916 என்று சொல்லும் அதே தரம். மீதி ஒரு பங்கு பெரும்பாலும் செம்பு. தனித் தங்கம் மிருதுவானது, கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோகும் என்பதால் சேர்த்த செம்பு அது. பாட்டியின் காசுமாலையில் பழைய சாவரின் இருந்தால், இன்றைக்குக் கடையில் எடுத்த செயினின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு ஒரு சாயல் சிவந்திருக்கும். நம் பாட்டிமார் தங்கத்தை எண்ணிய அலகே செம்பு கலந்த, சிவந்த தங்கம்தான்.

அதனால் ரோஸ் கோல்டை வெளிநாட்டு மோகம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். தங்கத்தின் நிற பேதங்களை நுணுக்கமாகப் பார்த்தவர்கள் நாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் பொற்கடை வீதியைச் சொல்லும்போது சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று நான்கு வகைப் பொன்னைச் சொல்கிறது. கிளிச்சிறை என்றால் கிளியின் சிறகு. பச்சைச் சாயல் கொண்ட பொன். தங்கத்தில் வெள்ளி கூடினால் பச்சை ஓடும், செம்பு கூடினால் சிவக்கும் என்பதை இன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஆசாரியும் சொல்வார். செம்பொன் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. ஆனால் அது உயர்ந்த பொன்னைக் குறிக்கிற சொல், செம்பு கலந்ததை அல்ல. ஆகவே ரோஸ் கோல்டை ரோஸ் கோல்டு என்றே அழைத்துவிடுவோம்.

வெளியுலகில் இதன் கதை நீளம். ஒரு காலத்தில் ‘ரஷ்யத் தங்கம்’ என்றே இதற்குப் பெயர். 1924இல் பாரிஸின் கார்த்தியே நிறுவனம் மஞ்சள், வெள்ளை, ரோஸ் என மூன்று தங்க வளையங்களைக் கோத்துச் செய்த மோதிரம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா பிளாட்டினத்தைப் போர்த் தேவைக்கு ஒதுக்கியபோது, அங்கே கல்யாண மோதிரங்கள் மஞ்சளுக்கும் ரோஸுக்கும் திரும்பின. பிறகு பல வருஷம் மங்கிக் கிடந்த நிறம் அது. 2015இல் ஆப்பிள் நிறுவனம் ரோஸ் கோல்டு நிறத்தில் ஒரு கைப்பேசியை வெளியிட்டது. அது அலுமினியம், தங்கத்துக்கு அதில் வேலையில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுப் பெண்கள் வாயில் ‘ரோஸ் கோல்டு’ என்ற சொல்லை நான் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

உள்ளும் ரோஸா, மேலே மட்டுமா?

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். விலையைக்கூடப் பிறகு கேட்கலாம்.

சுத்தத் தங்கத்தில், அதாவது 24 கேரட்டில், ரோஸ் கோல்டு என்று ஒன்று இருக்க முடியாது. தங்கம் மஞ்சள்; ரோஜா நிறத்தைக் கொடுப்பது செம்பு. 18 கேரட் ரோஸ் கோல்டில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம், ஏறக்குறைய 20 முதல் 22 பங்கு செம்பு, மீதி கொஞ்சம் வெள்ளி. அந்தக் கொஞ்சம் வெள்ளிதான் செம்பின் முரட்டுச் சிவப்பை மென்மையாக்கி ரோஜாவாக்குகிறது. வெள்ளியே சேர்க்காமல் 25 பங்கும் செம்பாக இருந்தால் அது ரெட் கோல்டு, இன்னும் கடுஞ்சிவப்பு. 14 கேரட்டில் செம்புக்கு இடம் அதிகம் என்பதால் நிறம் அழுத்தமாக வரும். சீக்கிரம் கறுக்கவும் செய்யும்.

22 கேரட்டில்? தங்கம் போக மீதி இருப்பதே எட்டரைப் பங்குக்கும் கீழே. அது முழுவதும் செம்பாக இருந்தாலும் சாவரின் காசு மாதிரி ஒரு சிவப்புச் சாயல் வருமே தவிர, கடைக் கண்ணாடிக்குள் நாம் பார்க்கிற ரோஜா நிறம் வராது. எனவே ‘22 கேரட்டிலேயே ரோஸ் கோல்டு தருகிறோம்’ என்று யாராவது சொன்னால், அது மஞ்சள் தங்கத்தின் மேல் ஏற்றிய பூச்சு என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுங்கள். பூச்சு தப்பில்லை. ஒருநாள் அணிந்து பெட்டியில் வைக்கிற ஆரத்துக்கு அது போதும். ஆனால் தினமும் வியர்வையும் உடையும் உரசும் இடத்தில், மோதிரத்திலும் வளையலிலும் பூச்சு நிற்காது.

என் சித்தி மகள் கல்யாணத்துக்கு வந்த பரிசு வளையல் ஒன்று இப்படித்தான் எங்களை ஏமாற்றியது. ரோஸ் கோல்டு என்று சொல்லி விற்கப்பட்டது. எட்டே மாதத்தில் மணிக்கட்டின் உள்பக்கம் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. வெள்ளியின் மேல் ரோஸ் முலாம். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘ரோஸ் பிரேஸ்லெட்’ என்று மட்டும் இருந்தது. ‘கோல்டு’ என்ற சொல்லே இல்லை. கடைக்காரரிடம் பேசுவதற்கு எங்களிடம் ஒரு எழுத்துகூட இல்லை. அதிலிருந்து நான் யாருடன் நகை எடுக்கப் போனாலும் பில்லை வரி வரியாக வாசித்துவிட்டுத்தான் பணம் கட்டச் சொல்கிறேன்.

சட்டம் இதில் நம் பக்கம் இருக்கிறது. 2021 ஜூன் முதல் படிப்படியாக மாவட்ட வாரியாகத் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. ரோஸ் கோல்டுக்கும் இது பொருந்தும். 18 கேரட் என்றால் உள்பக்கம் 750 என்ற எண் இருக்க வேண்டும். 14 கேரட் என்றால் 585. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்தக் குறியீட்டைத் தட்டினால் நகையின் வகையும் தரமும் ஹால்மார்க் போட்ட மையமும் வந்துவிடும். கடையிலேயே, பணம் கட்டுவதற்கு முன்பே தட்டிப் பாருங்கள். 2 கிராமுக்குக் கீழான நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மெல்லிய ரோஸ் மோதிரங்களும் மூக்குத்திகளும் பெரும்பாலும் இந்த எடைக்குள்தான் வருகின்றன. அங்கே பில்லில் எழுதி வாங்குவது ஒன்றே காப்பு.

ஆசாரிக்குத் தெரிந்த ரகசியம்

நம் பட்டறைகளின் கை 22 கேரட்டில் பழகிய கை. கோவையிலும் நாகர்கோவில் வடசேரியிலும் மதுரை தெற்கு ஆவணி மூல வீதியைச் சுற்றியுள்ள சந்துகளிலும் ஆசாரிகள் செய்யும் நகாஸ் வேலைக்கு மிருதுவான தங்கம் வேண்டும். உளியின் முனைக்கு வளைந்துகொடுத்தால்தான் லட்சுமி உருவத்தின் விரல் நுனிவரை எடுக்க முடியும். ரோஸ் கோல்டு அப்படி வளையாது. செம்பு அதை இறுக்கிவிடுகிறது.

அதே இறுக்கம்தான் வைரத்துக்குத் தேவை. வைரத்தைப் பிடித்திருக்கும் கொக்கிகள் 22 கேரட்டில் இருந்தால், துணியில் மாட்டி நிமிர்ந்துவிடும். கல் விழுந்தது தெரியவே நாலு நாள் ஆகும். வைர நகைகள் பெரும்பாலும் 18 கேரட்டில் வருவதற்கு இதுதான் காரணம். தினமும் விரலில் கிடந்து பாத்திரம் தேய்த்து, வண்டி ஓட்டி, குழந்தை தூக்கும் மோதிரத்துக்கும் 18 கேரட் நல்லது. பெரியம்மாவின் 22 கேரட் கல்யாண மோதிரம் நாற்பது வருஷத்தில் அடிப்பக்கம் நூலாகத் தேய்ந்திருக்கிறது.

ரோஸ் கோல்டுக்கு ஒரு குணம் உண்டு. சூடுபடுத்திய பின் தானாக மெல்ல ஆறவிட்டால் 18 கேரட் ரோஸ் கெட்டியாகி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஆறும்போது தங்க அணுக்களும் செம்பு அணுக்களும் வரிசைகட்டி நின்றுவிடுவதுதான் காரணம். அதற்கு இடம் கொடுக்காமல், சூட்டோடு தண்ணீரில் முக்கிக் குளிர்விக்க வேண்டும். பற்றவைக்கும் பற்றாசும் ரோஸ் நிறத்திலேயே இருக்க வேண்டும். இது தெரியாத கையில் என் மோதிரம் ஒருமுறை சிக்கியது. பெரிதாக்கக் கொடுத்தேன், திரும்பி வந்தபோது அடிப்பக்கம் மஞ்சளாக ஒரு கோடு. இன்றும் இருக்கிறது. விரல் பருமன் மாறும் என்பதால் கல்யாண மோதிரம் ஒருமுறையாவது பட்டறைக்குப் போகத்தான் செய்யும். பெரிதாக்குவது, சிறிதாக்குவது, மெருகு போடுவது எல்லாம் வாங்கிய கடையிலேயே செய்து தருவார்களா, எத்தனை வருஷத்துக்கு என்று வாங்கும் அன்றே கேளுங்கள்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ். குளோரின் கலந்த நீச்சல்குளத்துக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வாசனைத் திரவியத்தை நகைமேல் அடிக்காதீர்கள். வருஷங்கள் போகப்போகச் செம்பு கொஞ்சம் ஆழ்ந்து சிவக்கும். எனக்கு அந்த நிறம் புது நகையின் நிறத்தைவிடப் பிடிக்கும்.

முகூர்த்தமும் மாலை வரவேற்பும்

நேராகச் சொல்கிறேன்: முகூர்த்தத்துக்கு ரோஸ் கோல்டு வேண்டாம்.

அரக்குச் சிவப்புக் கூரைப்புடவை, மஞ்சள் தோய்த்த தாலிக்கயிறு, குங்குமம், மல்லிகை, ஹோமத் தீயின் வெளிச்சம் என்று அந்த மேடையின் நிறங்கள் எல்லாம் மஞ்சள் தங்கத்தோடு பிறந்தவை. காஞ்சிபுரம் பட்டின் அசல் சரிகையே வெள்ளி இழையின் மேல் தங்கம் ஏற்றியது. அந்த மஞ்சள் சரிகைக்குப் பக்கத்தில் ரோஸ் ஆரத்தை வைத்தால், ரோஸ் மங்கிய பித்தளையாகத் தெரியும். குற்றம் ரோஸிடம் இல்லை, இடத்திடம். நம் மாநிறத்தின் மேல் மஞ்சள் தங்கம் பளிச்சென்று எழுந்து நிற்கும். ரோஸ் கோல்டு தோலோடு கலந்து பேசும் நிறம். மண்டபத்தில் பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு அந்த ஆரம் தெரியவே தெரியாது. பெரிய நகைக்கு அது குறை.

சிறிய நகைக்கு அதுவே அழகு. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் மட்டும் பார்க்கிற அழகு. மோதிரம், மெல்லிய பிரேஸ்லெட், ஒற்றைக் கல் கம்மல், மூக்குத்தி. மாலை வரவேற்புக்கு வெளிர்நிறப் புடவையோ லெஹங்காவோ உடுத்தும்போது, வெள்ளிச் சரிகையோடும் செம்புச் சரிகையோடும் ரோஸ் கோல்டு சேர்கிற மாதிரி மஞ்சள் தங்கம் சேராது. சாம்பல், இளநீலம், தாமரை, பழுப்பு என்று எந்த வெளிர்நிறமும் அதற்கு ஒத்துவரும்.

வைரம் வைப்பதாக இருந்தால் ஒரு தகவல் பணத்தை மிச்சப்படுத்தும். கொஞ்சம் மஞ்சள் சாயல் உள்ள வைரம் வெள்ளைத் தங்கத்தில் குறையாகத் தெரியும். ரோஸ் கோல்டின் இளஞ்சூட்டில் அந்தச் சாயல் அடங்கிவிடும். எனவே ரோஸ் மோதிரத்துக்கு நிறமே இல்லாத உயர்விலை வைரம் தேவையில்லை. ஒருபடி கீழே எடுத்து, அந்தப் பணத்தை வெட்டின் தரத்துக்குக் கொடுங்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் நகையைக் கையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் வாருங்கள். கடை விளக்குகள் எந்த நிறத்தையும் அழகாக்கும். பகல் வெளிச்சத்திலும் பிடித்தால் எடுங்கள்.

நோட்டில் எப்படி எழுதுவது

பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். 8 கிராம் 22 கேரட் நகையில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். அதே 8 கிராம் 18 கேரட் ரோஸ் நகையில் 6 கிராம். எடைத்தட்டு இரண்டையும் ஒன்றாகவே காட்டும். உள்ளே ஒன்றே கால் கிராமுக்கு மேல் வித்தியாசம். எனவே 18 கேரட்டின் கிராம் விலை, அன்றைய 22 கேரட் விலையில் நூற்றுக்கு 82 அளவில் இருக்க வேண்டும். இப்போது பல கடைகளில் 18 கேரட் விலையையும் தினமும் பலகையில் எழுதுகிறார்கள். அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் காரணம் கேளுங்கள். செம்புக்கு யாரும் தங்க விலை கொடுக்க வேண்டாம்.

செய்கூலியும் சேதாரமும் வைர நகைகளில் அதிகம் வரும். கல்லின் எடை தங்கத்தின் எடையோடு சேர்ந்துவிடாமல் பில்லில் தனியாக இருக்க வேண்டும். ‘கேரட்’ என்ற ஒரே சொல் தங்கத்துக்குத் தரத்தையும் வைரத்துக்கு எடையையும் குறிப்பதால் பலர் குழம்புகிறார்கள். வைரத்தில் ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். திரும்பக் கொடுத்தால் மாற்று நகைக்கு எவ்வளவு, பணமாகக் கேட்டால் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அடகு வைத்தாலும் கேரட்டைப் பார்த்துத்தான் மதிப்பு. கல் எடை கழியும். வேறு கடையில் விற்கப்போனால் உரைகல்லின் கோட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். மஞ்சளுக்குப் பழகிய கண் ரோஸைக் குறைத்து மதிப்பிட்டுவிடலாம். கேரட் மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு உதவும் சேமிப்பு என்று நினைத்து எடுக்கிற நகை 22 கேரட்டிலேயே இருக்கட்டும். செய்கூலி குறைவான, கல் இல்லாத நகையாக இருக்கட்டும். ரோஸ் கோல்டுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி, முகூர்த்தப் பட்டுக்குக் கொடுக்கிற பணம் மாதிரி. அது திரும்பி வராது, வர வேண்டியதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பவுன் என்பது வெறும் எடை இல்லை. “எத்தனை பவுன் போடுவீங்க?” என்ற கேள்வியின் எடை அது. 1961இல் வந்த வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி அப்படிக் கேட்பதே குற்றம். ஆனாலும் கேட்கப்படுகிறது, சொல்லப்படுகிறது. பெண்ணுக்குப் பிடிக்காத அட்டிகையும் கழுத்தை இறுக்கும் ஆரமும் அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே வாங்கப்படுகின்றன. அந்த எண்ணிக்கையில் ரோஸ் கோல்டு சேராது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. யாருடைய கேள்விக்கும் பதிலாக இல்லாமல், அவளே பார்த்து, அவளே போட்டுப் பார்த்து எடுக்கிற ஒரு நகையாவது அந்தக் கல்யாணத்தில் இருக்கட்டும். மணமக்களுக்கு வரும் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பெண்ணைப் பெற்றவர்களே, அந்தப் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு நகைக்கும் எதிரே எடையோடு கேரட்டையும் எழுதுங்கள். பில்கள் உங்கள் மகள் கையில் இருக்கட்டும்.

அந்த மோதிரத்தை நாங்கள் வாங்கினோம். வைரம் நீக்கி 3 கிராம் 200 மில்லி. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா நோட்டைத் திறந்து, பவுன் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் ‘18 கேரட், சுத்தத் தங்கம் 2 கிராம் 400’ என்று எழுதினார். தாலி 22 கேரட்டில், எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாகச் செய்யும் ஆசாரி கையால் ஆனது. கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆரமும் அட்டிகையும் வங்கி லாக்கரில் இருக்கின்றன. மோதிரத்தை அவள் இன்னும் கழற்றவில்லை.